பல்பு மாற்ற பம்பரைக் கழற்றிய கதை

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் பழனியில் ஒரு கல்யாணம். இரவு விருந்து முடிந்து சின்ன மகன் காரில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வலது பக்க ஹெட்லைட் அணைந்துவிட்டது. இடது விளக்கு மட்டும் எரிந்தால் எதிரே வருகிற லாரிக்காரர் நம்மை பைக் என்றுதான் நினைப்பார். நல்லவேளையாக வண்டியில் ஸ்பேர் பல்பு இருந்தது. மகன் பானெட்டைத் திறந்து கையை விட்டான். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே கை நுழையவே இல்லை. அரைமணி நேரம் போராடி, விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மீதி தூரம் முழுவதும் ஓரமாகவே ஊர்ந்து வந்தோம். வீடு வந்து சேரும்வரை எனக்கு உயிரே இல்லை.

மறுநாள் காலை என் பழைய மாணவன் ஒருவனுடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான், அதனால் வேண்டாம். எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு பம்பரைக் கழட்டணும்" என்றான். ஒரு பல்புக்காகவா என்று கேட்டேன். "பல்பு மாத்துறது ரெண்டு நிமிஷம் டீச்சர். பல்புகிட்ட போய்ச் சேர்றதுதான் வேலை" என்று சிரித்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. கூலி வாங்க மறுத்தவனிடம் திட்டித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

அவன் கழற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா டாக்டர் ஒருவரிடம் டிரைவராக இருந்தது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். அந்த டாக்டர் வைத்திருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். 1961 முதல் மெட்ராஸை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்த வண்டி அது. இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்துத் தூக்கினால், பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஹெட்லைட்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். என்ஜின் முழுவதும் கண்ணெதிரே திறந்து கிடக்கும். அப்பா முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றுவார். மூன்றாம் வகுப்பு படித்த நான் எதிர்ப்பக்கத்து டயரில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக்கொடுப்பேன். கார்புரேட்டர் எது, டைனமோ எது, ஃபேன் பெல்ட் எது என்று எனக்குத் தெரிந்தது அந்த டயர் மேல் உட்கார்ந்துதான்.

அந்தக் காலத்துக் காரை ஏன் வீட்டிலேயே சரிசெய்ய முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஹெரால்டின் மூலம் இங்கிலாந்து. டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959-இல் வெளிவந்தது. அதே 1959-இல், அதே இங்கிலாந்தில் இன்னொரு கார் வந்தது. அதுதான் மினி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

ஹெரால்டை அவ்வளவு சுலபமாகத் திறக்கும்படி செய்ததற்குக் காரணம் யாருடைய கருணையும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துகொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் முடுக்கினார்கள். போல்ட்டால் முடுக்கியதைக் கழற்றவும் முடியும் அல்லவா? பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதும் சுலபம். வண்டலூருக்கு அந்த வண்டி வந்துசேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மினியின் கதை வேறு. 1956-இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சின்ன கார், நாலு பேர் உட்காரவேண்டும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கவேண்டும் என்றார்கள். அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் பத்தடி நீளத்துக்குள் அதைச் செய்து காட்டினார். அதற்கு அவர் செய்த யுக்தி, நீளவாக்கில் இருக்கும் என்ஜினைக் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தது. கியர் பாக்ஸை என்ஜினுக்கு அடியில், ஆயில் தொட்டியிலேயே வைத்தார். ரேடியேட்டரை ஒரு பக்கமாக ஒதுக்கினார். வண்டி நீளத்தில் பெரும்பகுதி மனிதர்களுக்குக் கிடைத்தது. மெக்கானிக்கின் கைக்குத்தான் இடம் இல்லாமல் போனது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டதால், மழைத்தண்ணீர் அடித்து வண்டி நின்றுபோகும். பிறகு அதற்கு மறைப்புப் போடவேண்டி வந்தது.

மினியின் வழிதான் ஜெயித்தது. இன்று உலகத்தில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்கேதான் இருக்கிறது. 1983 டிசம்பரில் வந்த நம் மாருதி 800-உம் அந்த வழிதான். நம்மைப்போன்ற குடும்பங்கள் காரில் ஏறியதே அந்த யுக்தியால்தான். ஆகவே இசிகோனிஸை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போனவர்கள் ஒரு கட்டத்தில் கழற்றுகிறவனை மறந்தே போனார்கள். அமெரிக்காவில் 1975 மாடல் செவ்ரோலெ மோன்சாவில் சின்ன வண்டிக்குள் எட்டு சிலிண்டர் என்ஜினைத் திணித்தார்கள். ஒரு பிளக் மாற்ற, என்ஜினைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி என்ஜினையே ஜாக்கி வைத்துத் தூக்கவேண்டி இருந்தது. 1990-களில் வந்த காடிலாக் நார்த்ஸ்டார் என்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினின் தலைக்கு நடுவே, காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியில் புதைந்திருந்தது. டாட்ஜ் ஸ்ட்ராட்டஸில் பேட்டரி மாற்ற முன்சக்கரத்தைக் கழற்றவேண்டும். 1999-இல் வந்த ஆடி ஏ2 காரில் முன்பக்கம் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து ஆயில் ஊற்றலாம், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றலாம். சொந்தக்காரனுக்கு அவ்வளவு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் 7 அங்குல வட்ட விளக்கு என்று ஒரே அளவு வைத்தார்கள். பல்பு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. முன்பக்கத்து வளையத்தைத் திருப்புளியால் கழற்றிப் புதியதை வைத்தால் முடிந்தது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். நம் அம்பாசடருக்கும் அதே 7 அங்குல வட்ட முகம்தான். பிறகு அளவுகள் பெருகின. 1983-இல் பல்பை மட்டும் மாற்றும் விளக்குகளுக்கு அங்கே அனுமதி கொடுத்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு முகம், ஒவ்வொரு வளைவு. காற்றைக் கிழித்துப் போக அது நல்லதுதான், பார்க்கவும் அழகு. ஆனால் பல்பு பின்னால் போய்விட்டது.

இதற்கு ஐ.நா.வின் வாகன விதிகளில் ஒன்று இருக்கிறது. 48-ஆம் எண் விதி. விசேஷக் கருவி இல்லாமல் பல்பை மாற்றும்படி விளக்கைப் பொருத்தவேண்டும் என்கிறது. கூடவே, தயாரிப்பாளர் தன் விவரக்குறிப்பில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, என்று ஒரு வாலும் சேர்த்திருக்கிறார்கள். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதவேண்டும், மாணவன் வேண்டாம் என்றால் தவிர, என்று சொன்ன மாதிரி!

ஸ்பானர் பிரச்சினைக்குப் பிறகு கம்ப்யூட்டர் பிரச்சினை வந்தது. புகையைக் குறைக்க கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் ஊசிகள் வந்தன. காற்று சுத்தமானது, அது பெரிய நன்மை. அமெரிக்காவில் 1996 மாடல் முதல், வண்டியின் கோளாறைப் படிக்க எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி இணைப்புத் துளை வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி. இப்போது கோளாறு எங்கே என்பதை வண்டியே சொல்லும். ஆனால் யாரிடம் சொல்லும் என்பதுதான் கேள்வி.

என் மாணவன் கடனில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறான். சில வண்டிகளில் கோளாறு எண்ணைக் காட்டும். பாகத்தை மாற்றிய பிறகு அதைக் கம்ப்யூட்டரில் பதியவேண்டும் என்றால் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். அது அவனுக்குக் கிடையாது. "கோளாறு என்னன்னு தெரியும் டீச்சர், கை வைக்கத்தான் முடியாது. ஷோரூமுக்குப் போங்கன்னு நானே அனுப்பி வைக்கிறேன்" என்றான். முன்பு நாலு பையன்கள் வேலை பார்த்த இடத்தில் இப்போது ஒருவன்தான் இருக்கிறான்.

இது அவன் ஒருவனுடைய குறை இல்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிறகு வழக்கு மேல்முறையீடு என்று நீண்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவே. அந்த மாணவன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான். கணக்கு வராது. ஒருநாள் எல்லார் முன்னாலும், "நீ ஸ்பானர் பிடிக்கத்தான் லாயக்கு" என்று சொன்னேன். என் அப்பா ஸ்பானர் பிடித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார் என்பதை அந்த நேரம் மறந்துபோனேன். அன்று ஒர்க்‌ஷாப்பில் அவன் பம்பரைக் கழற்றும்போது பார்த்தேன். எந்தக் கிளிப்பை முதலில் அழுத்தவேண்டும், எது உடையும் என்று விரலுக்கே தெரிகிறது. இருபதுக்கும் மேற்பட்ட கிளிப்களையும் திருகுகளையும் வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கிவைத்தான். அது கணக்கு இல்லையா? தம்பி, நீ இதைப் படித்தால், அன்று நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னால் சொன்னேன், எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அவன் கூடவே படித்த, கணக்கு நன்றாக வந்த பிள்ளைகள் சிலர் இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் இன்ஜினியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கம்ப்யூட்டரில் ஒரு பாகத்தை வைக்கும்போது, அது உள்ளே அடங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மனிதனின் கை அங்கே போகுமா என்றும் பாருங்கள். இரவில், நடுரோட்டில், குழந்தை பின்சீட்டில் தூங்கும்போது போகுமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வகுப்புத் தோழனிடம் கேளுங்கள். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

உங்கள் வண்டியில் எதைக் கழற்ற எதைக் கழற்றவேண்டி வந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்