‘பிளாக்’ என்னும் பெயரடையும் சென்னையின் கறுப்பர் நகரமும்

‘பிளாக்’ என்பது கறுப்பு நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. தமிழர் பேச்சிலும் இது கலந்துவிட்டது. ‘பிளாக் டீ’ என்றால் பால் சேராத தேநீர். ‘பிளாக் டிக்கெட்’ என்றால் கூடுதல் விலைக்குக் கள்ளத்தனமாக விற்கப்படும் சீட்டு. முன்னது நிறத்தைச் சொல்கிறது. பின்னது முறைகேட்டைச் சொல்கிறது. சென்னையில் இச்சொல் ஓர் ஊர்ப்பெயராகவும் வழங்கியது.

இரண்டு நகரங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி 1640இல் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. ஐரோப்பியர் வாழ்ந்த கோட்டைப் பகுதி ‘வொயிட் டவுன்’ எனவும், அதன் வடக்கே நெசவாளர், வணிகர், துபாஷிகள் வாழ்ந்த பகுதி ‘பிளாக் டவுன்’ எனவும் பெயர் பெற்றன.

இப்பிரிவு தோலின் நிறத்தை மட்டும் பொறுத்ததன்று. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1749இல் அதைத் திருப்பிக் கொடுத்தனர். பிறகு, எதிரிக்கு உதவினர் என்ற ஐயத்தால் ஆர்மீனியர் வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் கறுப்பர் நகர எல்லைக்குள், அரண்மனைக்காரன் தெருவில் இன்றும் உள்ளது. ஆகவே, ‘பிளாக்’ என்பது ‘கம்பெனியின் நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்’ என்ற பொருளையும் ஏற்றது.

பெயரடையின் விலை

கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குத் திறந்தவெளி தேவைப்பட்டதால் பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளில் குடியேறினர். 1758இல் லாலியின் படை முற்றுகையிட்டபோது கோட்டை தப்பியது; அரணில்லாத கறுப்பர் நகரம் சூறையாடப்பட்டது. 1760களில் ஹைதர் அலியின் படையெடுப்பு அச்சத்துக்குப் பின்னரே வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. அதன் செலவை ஈடுகட்டத் திட்டமிட்ட வரியின் நினைவே ‘வால்டாக்ஸ் சாலை’.

1773இல் கட்டடம் எழுப்பக் கூடாத எல்லையைக் காட்டத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது.

பெயர் மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் இப்பகுதி ‘ஜார்ஜ் டவுன்’ ஆயிற்று. மதிலின் ஒரு துண்டு, இராயபுரத்தை ஒட்டிய பழைய சிறைச்சாலைச் சாலையில் ‘மாடிப் பூங்கா’வாக எஞ்சியிருக்கிறது. ஒரு பெயரடை யாருக்கு அரண், யாருக்கு வெட்டவெளி என்று முடிவு செய்த காலத்தின் சான்று அது.