வடுவும் முகமும்: இயற்கை ஒளியில் அண்மைப் படங்கள்

காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில், துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த அடையாளங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, இஷாத் தொழுகையின்போது இங்கும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இத்தகைய சுவரை பிளாஷ் போட்டு நேராகப் படமெடுத்தால், குழிகள் வெறும் கறுப்புப் புள்ளிகளாகவே தெரியும். பக்கவாட்டில் விழும் பகல் ஒளியில் நெருங்கி எடுத்தால்தான் குழியின் ஆழமும் உதிர்ந்த சாந்தின் விளிம்பும் தெரியவரும்.

போர் எல்லாச் சமூகங்களின் வீடுகளிலும் இப்படியான தடயங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றைப் பதிவுசெய்ய விலையுயர்ந்த கமரா வேண்டியதில்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, நாம் எவ்வளவு நெருங்கி நிற்கிறோம் என்பதை அறிந்தால் கைப்பேசியே போதும்.

ஊரின் ஒளி

காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. காலை வெயில் கடல் பக்கமிருந்தும் மாலை வெயில் வாவிப் பக்கமிருந்தும் தாழ்வாக வரும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் விரைவாக மேலேறிவிடும். ஆகவே சாய்வான ஒளி கிடைப்பது உதயத்திற்குப் பின்னும் மறைவதற்கு முன்னும் ஏறத்தாழ ஒரு மணிநேரமே. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே விழும். அப்போது எடுக்கும் முகங்களில் கண்குழிகள் இருண்டுவிடும்.

வெளிச்சுவர்களைப் படமெடுப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை காலை, மாலை வெயில் வடக்குச் சுவரை உரசிச் செல்லும். ஏனைய மாதங்களில் தெற்குச் சுவரை உரசும். வடகீழ் பருவமழைக் கால மேகமூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கமும் பரவி, நிழல் மென்மையாகும். அது சுவருக்கு உதவாது, முகத்திற்கு நல்லது.

முகத்தை நெருங்குதல்

இயற்கை ஒளியில் அண்மை முகப் படங்களுக்குப் பெயர்பெற்றவர் ஜூலியா மார்கரெட் கெமரன். 48 வயதில்தான் அவருக்கு முதல் கமரா கிடைத்தது. 1875 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், களுத்துறையில் உள்ளூர் மக்களையும் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1879 இல் மலையகத்தில் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் அவர் நம்பியது பகல் வெளிச்சத்தை மட்டுமே.

அவரது வழி இன்றும் எளியது. ஆளை வாசலுக்கு அல்லது யன்னலுக்கு அருகே, நேர் வெயில் படாத நிழலில் பக்கவாட்டாக இருத்துங்கள். மறுபக்கம் மிகவும் இருண்டால், அங்கே ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். திரையில் கண்ணைத் தொட்டுக் குவியுங்கள். முகத்திற்கு மிக அருகில் கைப்பேசியைக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு சூமில் எடுங்கள்.

சிறு பொருட்கள்

நெருங்க நெருங்கத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். கமராவின் உணரியில் பொருள் அதன் உண்மையான அளவிலேயே விழும் மக்ரோ படத்தில், அந்த ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். ஆகவே முக்கியமான பகுதியைக் கமராவுக்குச் சமாந்தரமாக வையுங்கள். பல கைப்பேசிகளின் பிரதான வில்லை, சுமார் 10 சென்ரிமீற்றரைவிட நெருங்கினால் குவியாது. சற்று விலகி எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். படம் வெளிறினால் திரையில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

ஒரே ஒரு படம் உள்ள வீடுகளுக்கு

காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் பல. 2004 சுனாமி அல்பங்களையும் கொண்டுபோனது. எஞ்சிய படத்தைப் பிரதியெடுப்பதும் அண்மைப் படமெடுத்தலே. ஆனால் இங்கு முறை தலைகீழ். சுவரில் வடுவைக் காட்டிய சாய்வொளி, பழைய படத்தின் மடிப்பையும் கீறலையும் பெரிதாக்கிவிடும். எனவே ஒளி சமமாக விழ வேண்டும்.

யன்னலோர மேசையில், வெயில் படாத இடத்தில் படத்தைத் தட்டையாக வையுங்கள். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாளை நிறுத்துங்கள். பிளாஷை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் படத்திற்குச் சமாந்தரமாகப் பிடித்து, சற்று உயரத்திலிருந்து சூம் செய்து எடுங்கள். பளபளப்பு விழுந்தால் கறுப்புத் துணியால் மறையுங்கள். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க முயலாதீர்கள், முகம் கிழிந்துவிடும். கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். பிரதியை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள்

பள்ளிவாசல், கோயில், துயர வீடு எங்கும் முதலில் அனுமதி கேளுங்கள். அழுகின்ற முகத்தை நெருங்குவதற்கு முன் அவரோடு சற்று நேரம் இருங்கள். எடுத்த படத்தை முதலில் அவருக்கே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் படங்களுடன் இடம், திகதி, படத்தில் இருப்பவரின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறை அந்த முகத்தை யாரென்று அறிய அது தேவை.