மேலே ஏற்றிய அச்சமும் கீழே இறக்கிய காலமும்

இத்தாலியின் மலைக் கிராமங்களைப் படங்களிற் காண்போர் எவரும் அவற்றின் அழகிலே சற்றுச் சொக்கித்தான் போவர். பாறையின் முடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்ற கல்வீடுகள், நடுவே ஒரு மணிக்கூண்டு, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒழுங்கைகள். ஆயினும் அவற்றைக் கட்டியவர்கள் அழகை எண்ணிக் கட்டவில்லை. அச்சமே அவர்களை மேலே ஏற்றியது.

அந்த அச்சம் இருவகைப்பட்டது. ஒன்று, கடல்வழி வந்த கொள்ளையர். ஒன்பதாம் நூற்றாண்டில் அராபியரின் படையெடுப்புகளோடு தொடங்கிய தொல்லை, வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையரின் வடிவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. மற்றையது நுளம்பு. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' எனப் பொருள்படுவதாகும். தாழ்நிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகின்றது என்று நம்பிய தென்னித்தாலிய விவசாயி, வயலைப் பள்ளத்தாக்கிலும் வீட்டை உச்சியிலும் வைத்துக்கொண்டான். விடியுமுன் கழுதையோடு இறங்கினான்; பொழுதுபட ஏறினான். குற்றவாளி காற்றல்ல, நுளம்பே என்பதை 1898இல் கிராஸி என்ற இத்தாலிய விஞ்ஞானி நிறுவினார். விவசாயி சொன்ன காரணம் பிழைத்தாலும் அவன் தேர்ந்த இடம் பிழைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டி.டி.ரி. தெளித்து நுளம்பு கட்டுப்படுத்தப்பட்டது. 1970இல் உலக சுகாதார நிறுவனம் இத்தாலியை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1950இன் நிலச் சீர்திருத்தம் பெருநிலக்கிழாரின் காணிகளைப் பிரித்துக் கொடுத்து, சமவெளியிலேயே குடியிருப்புகளையும் அமைத்தது. இனி எதற்காக ஒருவன் நாள்தோறும் மலையேற வேண்டும்?

இதற்கு முன்பே பலர் கப்பலேறிவிட்டனர் என்பதையும் மறக்கலாகாது. 1876 முதல் 1976 வரையான நூறாண்டுகளில் இத்தாலியை விட்டுப் புறப்பட்டோர் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேர். திரும்பி வந்தோரும் உளர். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை.

பசிலிகாட்டா மாநிலத்தின் கிராக்கோவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 400 மீற்றர் உயரக் குன்று. உச்சியில் நோர்மன் காலக் கோபுரம். 1892க்கும் 1922க்கும் இடையே இச்சிற்றூரிலிருந்து 1,300க்கும் மேற்பட்டோர் வட அமெரிக்கா சென்றனர். எஞ்சியோரின் காலடியில் இருந்ததோ களிமண். 1963இல் பெரும் மண்சரிவு ஏற்பட, மக்கள் பள்ளத்தாக்கில் உள்ள கிராக்கோ பெஸ்கியேராவுக்கு இடம்மாற்றப்படலாயினர். குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக மேற்கொள்ளப்பட்ட வேலைகளே சரிவை விரைவுபடுத்தின என்ற கருத்து வலுவாக உண்டு. ஊரை வாழத் தகுந்ததாக்க எடுத்த முயற்சியே ஊரைச் சாய்த்தது என்றால் அதைவிடக் கொடுமை எது? 1972இல் வெள்ளம் வந்தது. 1980 நொவம்பர் 23இல் இர்ப்பீனியாப் பூகம்பம் வந்தது. அத்துடன் கிராக்கோ முற்றாகக் காலியானது.

காலியான பின்னர்தான் அதற்குப் புகழ் வந்தது. இதற்குச் சற்று முன், பிரான்செஸ்கோ ரோசி 1979இல் வெளிவந்த தமது படத்தின் சில காட்சிகளை இங்கே எடுத்திருந்தார். முசோலினியால் 1935இல் இம்மலைப் பிரதேசத்துக்கு நாடுகடத்தப்பட்ட மருத்துவரும் ஓவியருமான கார்லோ லெவி எழுதிய நூலின் திரைவடிவம் அது. 2004இல் வெளிவந்த படத்துக்காக மெல் கிப்சன் வந்து யூதாஸ் தூக்கிடும் காட்சியைப் படமாக்கினார். 2008இல் ஜேம்ஸ் பொண்ட் வந்தார். இன்று அனுமதிச்சீட்டு வாங்கித் தலைக்கவசம் அணிந்து வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம்.

பத்திரிகைகள் இவ்வூரை 'மண்சரிவு விழுங்கிய கிராமம்' என்று எழுதுவதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மண் சரிந்தது ஒரு காலத்தில். மக்கள் சரியத் தொடங்கியது அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்.

2019இல் சிசிலியின் சம்புக்காவில் வீடு ஒன்று ஒரு யூரோ எனச் செய்தி வந்தபோது உலகமே அங்கு திரும்பியது. 2008இலேயே சலேமியில் இந்த யோசனை பேசப்பட்டது. ஒரு யூரோ என்பது தலைப்புக்கு நல்லது. எங்கள் தொழிலில் அதன் அருமை தெரியும். திருத்தியமைக்கும் பெருஞ்செலவை வாங்குபவரே சுமக்கவேண்டும் என்பது செய்தியின் கடைசிப் பந்தியிலே கிடக்கும். வெளியூரார் வந்து வீட்டைத் திருத்திவிடலாம். ஆனால் அங்கே பேசப்பட்டதைத் திருத்த இயலுமா?

இவ்வாறு நான் கேட்பதற்குக் காரணம் கலாப்ரியாவின் ரோகூடி. அமெண்டொலேயா ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறையில் தொற்றி நின்ற ஊர் அது. பிள்ளைகள் பள்ளத்தில் விழாதிருக்கத் தாய்மார் அவர்களின் காலிலே கயிறு கட்டிச் சுவர் ஆணியிற் பிணைத்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. அங்கு பேசப்பட்டது கிரேக்கம். பண்டைய கிரேக்கக் குடியேற்றங்களின் எச்சமா, பைசாந்தியர் காலத்து வரவா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்ற கிரேக்கம். எட்டாத மலையே அம்மொழிக்கு அரண். 1971, 1973 வெள்ளங்களின் பின்னர் ஊர் கைவிடப்பட்டது. மக்கள் பல இடங்களிற் சிதறினர். பின்னர் அவர்களுக்கெனக் கடலோரத்தில், மெலித்தோ அருகே, புதிய ரோகூடி கட்டப்பட்டது. பாடசாலை, கடை, அலுவலகம் யாவும் இத்தாலிய மொழியில். இலக்கம் 482 என்ற சட்டத்தின் மூலம் கிரேக்கத்தைச் சிறுபான்மை மொழியாக இத்தாலி அங்கீகரித்தது 1999இல். அப்போது பழைய ரோகூடி வெறுமையாகிக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் இப்போது பெரும்பாலும் முதியவர்கள்.