காம்பவுண்ட் வில்: ஒரு விலைச்சீட்டின் வரலாறு

காம்பவுண்ட் என்றால் நமக்கு முதலில் சுவர்தான் ஞாபகம் வரும். பி.காம் படிப்பவர்களுக்குக் கூட்டு வட்டி ஞாபகம் வரும் :) ஆனால் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு வில்லின் பெயர். இரண்டு முனைகளிலும் கப்பி வைத்து, நாணோடு கம்பிகளும் குறுக்கே ஓடும் விசித்திரமான வில்.

இன்று அங்கே ஒரு கடைக்குப் போய் இந்த வில்லைக் கேட்டால், விலைச்சீட்டோடு ஒரு பட்டியல் எண்களும் வரும். இழுவிசை 70 பவுண்டு, லெட்-ஆஃப் 80 சதவீதம், வேகம் நொடிக்கு 340 அடி என்று போகும். நல்ல வில் 1000 டாலரைத் தாண்டும். எதைப் பார்த்து வாங்குவது? இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. அது தெரிந்தால்தான் எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது புரியும். ஆகவே கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

துப்பாக்கி இருக்கும் நாட்டில் வில் எதற்கு?

நியாயமான கேள்வி. 1911-இல் கலிபோர்னியாவில் யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதராக இஷி என்பவர் வெளியே வந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி 1916-இல் இறந்தார். போப்பும் அவர் நண்பர் ஆர்ட் யங்கும் வில்லோடு வேட்டைக்குப் போனார்கள். 1923-இல் போப் எழுதிய புத்தகம் பல பேருக்கு அந்த ஆசையைத் தொற்ற வைத்தது. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லாளிகளுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியது.

பின்னாளில் மற்ற மாநிலங்களும் ஒதுக்கின. பொதுவாகத் துப்பாக்கிக்கு ஒதுக்கும் நாட்களைவிட வில்லுக்கு அதிக நாட்கள் கிடைக்கும். காரணம் எளிது. வில்லால் மானை வீழ்த்துவது கஷ்டம், பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அதனால் நீண்ட பருவம் கொடுத்தாலும் மான்கள் தீர்ந்துவிடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சண்டைகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

ரம்பம் வைத்த மனிதர்

மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலனும் இப்படி வில்லோடு அலைந்தவர். அவருக்கு ஒரு பிரச்சினை. அம்பு போய்ச் சேருவதற்குள் மான் நாணின் சத்தத்தைக் கேட்டு விலகிவிடும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மான் 20 கஜத்தில், அதாவது 60 அடியில் நிற்கிறது. பழைய வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 180 அடி வேகத்தில் போனால் சேர 0.33 நொடி ஆகும். சத்தம் நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும், அது 0.05 நொடியில் மானின் காதை எட்டிவிடும். மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.28 நொடி. மானுக்கு அது போதும். துள்ளி ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்தும்போதே அம்பு மேலே போய்விடும். அல்லது, அதைவிடக் கொடுமையாக, படக்கூடாத இடத்தில் படும்.

ஆலன் ஒரு சாதாரண வில்லின் முனைகளை அறுத்துவிட்டுக் கப்பிகளைப் பொருத்தினார். கப்பியின் அச்சு நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதுதான் சூட்சுமம். நாணை இழுக்க இழுக்கக் கப்பி சுழலும். பாதி வழியில் முழு பாரமும் கையில் தெரியும், முழுவதும் இழுத்த பிறகு பாரம் குறைந்துவிடும். இந்தக் குறைவுக்குத்தான் லெட்-ஆஃப் என்று பெயர். 70 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால், குறி பார்த்து நிற்கும்போது விரலில் இருப்பது 14 பவுண்டு மட்டுமே. பழைய 50 பவுண்டு வில்லில் கடைசி நொடிவரை அந்த 50 பவுண்டையும் தாங்க வேண்டும்.

1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. எண் 3,486,495. அவர் தேடியது வேகம். ஆனால் வேட்டைக்காரர்களை உண்மையில் மயக்கியது, வேகத்தோடு இலவச இணைப்பாக வந்த இந்த லெட்-ஆஃப்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு வாங்காமல் காத்திருக்க முடிந்தது. பலசாலி அல்லாதவர்களும் வேட்டைக்கு வர முடிந்தது.

சந்தையும் சண்டையும்

டாம் ஜென்னிங்ஸ் என்ற வில் தயாரிப்பாளர் இதன் மதிப்பைப் புரிந்துகொண்டு ஆலனிடம் முதலில் உரிமம் வாங்கினார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். காப்புரிமை என்றால் சும்மாவா? ஆலனின் கம்பெனிக்கும் ஜென்னிங்ஸ் கம்பெனிக்கும் இடையே, அப்புறம் பிரௌனிங் கம்பெனியோடும், வழக்குகள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயின. ஆலன் 1979-இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அதற்குள் அமெரிக்கக் கடைகளில் பழைய வில்கள் ஓரங்கட்டப்பட்டிருந்தன.

இதில் என்னை யோசிக்க வைத்தவர் பிரெட் பேர். அமெரிக்க வில் வேட்டையின் மிகப் பெரிய பெயர் அவருடையது. அவர் ஆரம்பித்த கம்பெனி காம்பவுண்ட் வில் செய்து விற்றது. அவரோ கடைசிவரை கப்பி இல்லாத தன் பழைய பாணி ரீகர்வ் வில்லையே விரும்பினார். சந்தைக்கு ஒன்று, தனக்கு ஒன்று!

எதிர்ப்பும் இருந்தது. "இது வில்லா, இயந்திரமா? வில் வேட்டை சுலபமாகிவிட்டால் அரசு நமக்கு நீண்ட பருவம் ஏன் தர வேண்டும்?" என்று பழைய ஆட்கள் கேட்டார்கள். போப், யங் இருவர் பெயரிலும் 1961-இல் தொடங்கிய சங்கம், 65 சதவீதத்துக்கு மேல் லெட்-ஆஃப் உள்ள வில்லால் வீழ்த்திய விலங்கைப் பல ஆண்டுகள் தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்தபோதும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டது. விலைச்சீட்டில் இருக்கும் அந்த 80-க்குப் பின்னால் இவ்வளவு கோபம் இருந்தது.

1972-ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே முற்றிலும் கதவு சாத்தப்பட்டது. அதே 1972-இல் அமெரிக்கா வேறு வழியில் போனது. துப்பாக்கிகளுக்கு ஏற்கெனவே இருந்த வரியை வில், அம்புகளுக்கும் நீட்டித்தது. அந்தப் பணம் மாநிலங்களின் வன விலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. அதாவது அங்கே ஒவ்வொரு வில்லின் விலையிலும் மானின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. எது சரி என்பது பெரிய விவாதம், இங்கே வேண்டாம்.

2014-இல் விஸ்கான்சின் கிராஸ்போ எனப்படும் விசை வில்லுக்குத் தனிப் பருவம் அறிவித்தது. "இது வில்லே இல்லை" என்ற அதே பேச்சு மறுபடியும் கேட்டது. இந்த முறை அதைச் சொன்னவர்களில் பலர் கையில் இருந்தது காம்பவுண்ட் வில்!

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வேக எண். அது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் எடையுள்ள இலேசான அம்பு என்ற கணக்கில் அளந்தது. கை குட்டையானவர், எடை கூடிய வேட்டை அம்பு வைப்பவர் ஆகியோருக்கு அந்த வேகம் கிடைக்காது. கம்பெனி இருசக்கர வாகனத்துக்குச் சொல்லும் மைலேஜ் மாதிரிதான்.

அடுத்தது, நாணுக்கும் பிடிக்கும் இடையே உள்ள தூரம். அது குறைந்தால் வேகம் கூடும், ஆனால் கையின் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், இழுநீளம் வாங்குகிறவரின் கைக்குப் பொருந்துவது. குளிரில், உட்கார்ந்தபடியே, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் இழுக்க முடிகிற இழுவிசையே போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. புது வில்லில் வேட்டை அம்பு நொடிக்கு 300 அடி போகிறது என்று வையுங்கள். 20 கஜத்தில் மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.28-இலிருந்து 0.15 நொடியாகக் குறைகிறது. ஆலன் ஜெயித்துவிட்டார். ஆனால் வேகமான வில் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவர் 40 கஜத்திலிருந்து எய்கிறார். அம்புக்கு 0.4 நொடி, சத்தத்துக்கு 0.11 நொடி. மானுக்குக் கிடைப்பது 0.29 நொடி.

பழைய வில்லின் அதே அவகாசம்! வேகத்தில் சம்பாதித்ததை முழுக்கத் தூரத்தில் செலவழித்தாயிற்று. பேரேட்டில் மிச்சம் பூஜ்யம். நஷ்டம் மட்டும், காயத்தோடு காட்டுக்குள் ஓடும் மானின் கணக்கில்.

எந்த வில்லின் விலைச்சீட்டிலும் இல்லாத எண் இந்தத் தூரம். அதை எழுத வேண்டியது வாங்குகிறவர்தான்.