மஜ்ஜை வழியே மூளைக்கு

மாணவர்களே, நன்றாகப் படித்துவந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன் திடீரெனப் பாடத்தில் கவனம் இழக்கிறான், கையெழுத்துக் கோணுகிறது, அழைத்த குரல் காதில் விழாதவன்போல் இருக்கிறான். ஆசிரியர் கண்டிக்கிறார். அரிதாகச் சில பிள்ளைகளிடம் இவையே அட்ரினோலுகோடிஸ்ட்ரோபி என்னும் நோயின் முதற்குறிகள். வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்நோயின் வரலாற்றில் மனம் சென்றதற்கு இதுவே காரணம்.

மின்கம்பிக்கு மேலுறை உள்ளதுபோல, நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. இந்நோயால் மூளையில் அவ்வுறை அழிகிறது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்கும் இக்கொடுமையில் பார்வையும் செவியும் பேச்சும் போய், சில ஆண்டுகளில் உயிரும் போகும்.

பாரிஸ் நகரத்துக் குழந்தை நரம்பு மருத்துவர் பாட்ரிக் ஓபூர் இந்த ஒரு நோயையே பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சில உயிரணுக்கள் இரத்தத்தோடு சென்று மூளையிற் குடியேறுகின்றன. ஆகவே நல்ல மஜ்ஜையைச் செலுத்தினால் மூளைக்கும் நன்மை விளையுமன்றோ? 1990-ல் அவர் குழுவினர் வெளியிட்ட செய்தி இதுதான்: 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, உருவொவ்வா இரட்டையரான அவன் உடன்பிறந்தவரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது, தொடக்க நிலையிலிருந்த நோய்க்குறிகள் பின்வாங்கின.

1993-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரின் ழான்-லூயி மாண்டெலுடன் சேர்ந்து நோய்க்குக் காரணமான மரபணுவையும் கண்டறிந்தார். கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்றே பழுதாயிருக்குமென்று பலரும் எண்ணியிருந்தனர். அகப்பட்டதோ, பொருள்களைச் சவ்வு கடந்து ஏற்றிச் செல்லும் புரதமொன்றின் மரபணு!

ஒத்த மஜ்ஜை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்காக ஓபூரும் நதாலி கார்த்தியேயும் வேறு வழி வகுத்தனர். பிள்ளையின் சொந்த உயிரணுக்களையே எடுத்து, நல்ல மரபணுவைப் புகுத்தி, மீண்டும் உடலிற் செலுத்துவது. புகுத்தும் வாகனம், நோய் செய்யும் ஆற்றல் நீக்கப்பட்ட எய்ட்ஸ் கிருமி. இது துணிச்சலான செயலே. ஏனெனில், எலிக் கிருமியை வாகனமாகக் கொண்டு அதே பாரிஸில் வேறொரு நோய்க்குச் செய்த மரபணுச் சிகிச்சையில் இரத்தப் புற்றுநோய் தோன்றியது 2002-ல் தெரிந்திருந்தது. 2009-ல் இரு சிறுவர்களின் முடிவு வெளிவந்தது. 100 இரத்த அணுக்களில் 15-க்கும் குறைவானவற்றிலேயே நல்ல புரதம் காணப்பட்டது. எனினும் 14 முதல் 16 மாதங்களில் மூளையின் அழிவு நின்றது. இழந்தது திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவ்வழியில் உருவான மருந்தை அமெரிக்கா 2022-ல் ஏற்றது. ஆயின் 2024-ல் வந்த அறிக்கையின்படி, சோதனைகளில் சிகிச்சை பெற்ற 67 பிள்ளைகளில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. ஆகவே, ஒத்த மஜ்ஜை தர உடன்பிறப்பு உள்ள பிள்ளைக்கு 1990-ம் ஆண்டு வழியே பொதுவாக முதலில் நாடப்படுகிறது.