அரபெஸ்க்கும் கொடிக்கருக்கும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலைக் காண்கின்றோம். அதன் தூண்களில் கொடிகள் சுருண்டோடுகின்றன. சுருள்களுக்குள்ளே சிற்றுருவங்கள் ஆடுகின்றன. நம் சிற்பியர் இவ்வேலையைக் 'கொடிக்கருக்கு' என்பர். ஆங்கிலம் கற்றோரோ 'அரபெஸ்க்' என்று சொல்லிவிடுகின்றனர். காவிரிக்கரைக் கல்லில் அரபு நாட்டின் பெயர் எங்ஙனம் வந்து ஒட்டிற்று?

'அரபெஸ்கோ' என்பது இத்தாலியச் சொல். 'அரபியர் பாணியிலானது' என்பது பொருள். அதனைப் பிரெஞ்சு மொழி 'அரபெஸ்க்' ஆக்கிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து அதைக் கடன் வாங்கிற்று.

ஆனால் பெயர் சென்ற வழி நேரானதன்று. உரோமாபுரியில் புதையுண்டு கிடந்த நீரோ மன்னனின் மாளிகைச் சுவரோவியங்களைப் பின்பற்றி, 1519ஆம் ஆண்டளவில் ரபேல் வத்திக்கானில் அலங்காரங்கள் தீட்டுவித்தார். மனித, விலங்குருவங்கள் மலிந்த அவற்றையும் பிரெஞ்சுக்காரர் 'அரபெஸ்க்' என்றே அழைத்தனர்! 1893இல் ஆஸ்திரிய அறிஞர் அலோய்ஸ் ரீகல், அரபியரின் கொடியணியே கிரேக்க, உரோமானியக் கொடிகளிலிருந்து படிப்படியாக வளர்ந்தது என்று விளக்கினார். அதற்காக அரபியரின் பெருமை குறைந்துவிடாது. அப்பாசியரின் தலைநகராயிருந்த சாமர்ராவில், 9ஆம் நூற்றாண்டுச் சுதைச் சுவர்களில் அக்கொடி இயற்கைத் தோற்றத்தை விடுத்து, முடிவில்லாது தொடரும் கோலமாயிற்று. அது அவர்கள் செய்த புதுமை.

அரபியர் தம் கலைக்குத் தம் இனத்தின் பெயரை இட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னது 'தவ்ரீக்'. 'வரக்', அதாவது இலை என்னும் சொல்லின் வழியே பிறந்து, இலை விடுதலைக் குறிப்பது அது. ஸ்பானிய மொழி அதனை 'அத்தௌரிக்கே' என்று இன்றும் காத்து வருகின்றது. வெளியிலிருந்து பார்த்தவன் செய்தவனின் இனத்தைப் பெயராக்கினான். உளி பிடித்தவனோ கல்லில் துளிர்த்த இலையைப் பெயராக்கினான். நம் சிற்பியும் அவ்வாறே கொடியைக் கண்டு கொடிக்கருக்கு என்றான்.

கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜும்ஆப் பள்ளிவாசலைப் பாருங்கள். தமிழகத்துக் கற்றூண்களே அங்கும் நிற்கின்றன. பூவும் இலையும் உண்டு, உருவங்கள் மட்டும் இல்லை. அத்தூண்களை அரபெஸ்க் என்று வியப்போர், அவற்றின் தாய்வீடு தமிழ்ச் சிற்பியின் பட்டறை என்பதை மறந்துவிடுகின்றனர். கடன் வாங்கிய சொல்லை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆயின் தவ்ரீக்கும் கொடிக்கருக்கும் நம் நாவில் இருக்கையில், அவற்றை இழந்துவிடலாகாது.