ஹாபியா, பிசினஸா? ராஜாஜி காலத்திலிருந்து ஆரி ஸ்டாண்டு வரை

போன மாசம் மாரண்டஹள்ளியிலிருந்து எங்க பெரியம்மா பொண்ணு போன் பண்ணாங்க. அக்கா பிளவுஸுக்கு ஆரி வேலை செய்றவங்க. முதல்ல தன் கல்யாண பிளவுஸுக்குப் போட்டாங்க, அப்புறம் சொந்தக்காரங்களுக்கு. இப்போ பாலக்கோடு, ராயக்கோட்டைன்னு ஆர்டர் வருது. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கலாம்னு ஒரு பேங்க்ல லோன் கேட்டிருக்காங்க. அங்க ரெண்டு வருஷ ஐ.டி. ரிட்டர்ன் கேட்டுட்டாங்க.

"நான் என்னடா பிசினஸா பண்றேன்? பொழுதுபோக்குக்கு ஆரி போடறேன். இதுக்கெல்லாம் யாருடா ரிட்டர்ன் போடுவாங்க?"

சட்டுனு பதில் சொல்ல வரல. படிக்க ஆரம்பிச்சேன். இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ப் பக்கமே பெரிய வரலாறு இருக்கு. இன்னிக்கு எபிசோடு அதுதான்.

முதலில் 1937. அப்போது தருமபுரி மாவட்டம் கிடையாது; அது 1965-ல்தான் பிரிந்தது. மாரண்டஹள்ளி சேலம் மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். கள், சாராய வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் வந்தது அதுவே முதல் முறை.

அந்தச் சட்டத்தில் ஒரு கோடு இருந்தது. வருஷ விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 10,000-லிருந்து 20,000 வரை மாசம் 5 ரூபாய். அதற்கு மேலே போனால் அரை சதவீதம். அதாவது சின்ன ஆளை விட்டுவிடு, பெரிய ஆளைப் பிடி. இன்றைக்கு ஜி.எஸ்.டி.யில் சேவைகளுக்கு 20 லட்சம்னு ஒரு வரம்பு இருக்கே, அதுவும் இதே யோசனைதான்.

ஆனா கவனிங்க. இந்தக் கோடு 'எவ்வளவு' என்று மட்டும்தான் கேட்கிறது. நீ செய்வது வியாபாரமா இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்கு 1958-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு வருமான வரி வழக்குகளில் பதில் சொன்னது. ஒன்று கோயம்புத்தூர், இன்னொன்று திருவிதாங்கூர்.

கோயம்புத்தூர் வழக்கு: ஜி. வெங்கடசாமி நாயுடு அண்ட் கோ. ஜனார்த்தனா மில்ஸின் நிர்வாக ஏஜெண்டுகள். 1941, 42-ல் மில்லுக்குப் பக்கத்தில் பீளமேட்டில் நாலு துண்டு நிலம் வாங்கினார்கள். மொத்தம் 8,713 ரூபாய் சில்லறை. 1947-ல் அதே மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றார்கள். "நாங்க நிலம் விக்கிற வியாபாரி இல்லையே, முதலீடாத்தானே வாங்கினோம்" என்பது அவர்கள் வாதம்.

நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலத்தில் பயிர் வைக்கவில்லை, வீடு கட்டவில்லை, வாடகையும் பேருக்குத்தான். மில்லுக்கு என்றைக்காவது இந்த நிலம் தேவைப்படும் என்பது ஏஜெண்டுகளுக்குத் தெரியும். விற்கணும்னே வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல் என்றாலும் அது வியாபாரத் தன்மை உள்ள முயற்சிதான் என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. ஒரே ஒரு அளவுகோலை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, நீதிபதி கலைப்பொருளை உதாரணமாக எடுக்கிறார். ஒருவர் ஆசைப்பட்டு ஒரு கலைப்பொருள் வாங்கி வீட்டில் வைத்து ரசிக்கிறார். பிறகு நல்ல விலை வந்ததும் விற்கிறார். அந்தப் பெருமையும் ரசனையும் உண்மை என்றால், அது வியாபாரம் இல்லை என்று சொல்ல ஒரு காரணமாகும். அப்போ ஆசைக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்குன்னு தோணுதா? அடுத்த வழக்குக்கு வாங்க.

பி. கிருஷ்ண மேனன், திருவிதாங்கூரில் போலீஸ் சூப்பரின்டென்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு வேதாந்தம் கற்பித்தார். ஆத்மானந்தா என்று பல நாடுகளில் அறியப்பட்டவர் இவரே. லண்டனிலிருந்து லெவி என்ற சீடர் வந்து பாடம் கேட்டார். 1944-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் குருவின் பேங்க் கணக்குக்கு மாற்றினார், பிறகும் அனுப்பிக்கொண்டே இருந்தார். குரு கட்டணம் எதுவும் கேட்கவில்லை. லாப நோக்கம் துளியும் இல்லை. அவர் தரப்பு வாதம், இது அன்பினால் வந்த அன்பளிப்பு என்பது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? வேதாந்தம் கற்பிப்பதும் கற்பிப்பதுதான். அது ஒரு தொழில். லாப நோக்கம் இருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. பாடம் சொன்னதால் பணம் வந்தது, ஆகவே வருமானம், ஆகவே வரி. அவ்வளவுதான்.

மெட்ராஸ் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. விற்பனை வரிக்கு லாப நோக்கம் வேண்டுமா வேண்டாமா என்று நீதிமன்றங்களில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, 1964-ல் சட்டத்தையே திருத்தி, லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாபாரம் வியாபாரமே என்று எழுதிவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சம்பளத்துக்கு வரியைக் குறைக்க, குதிரைப் பண்ணை மாதிரி ஆசை விஷயங்களில் வந்த நஷ்டத்தைப் பணக்காரர்கள் காட்டினார்கள். அதனால் 1969-ல் ஒரு விதி வந்தது. இப்போது அதன்படி, பொதுவாக ஐந்து வருஷத்தில் மூணு வருஷம் லாபம் காட்டினால் அது பிசினஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். நம்ம ஊரில் அந்தக் கதவை வேறு மாதிரி மூடிவிட்டார்கள். 2005-06 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பிசினஸ் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீக்கெண்டு போட்டோகிராபிக்கு இரண்டு லட்சத்துக்கு லென்ஸ் வாங்கிட்டு, ஐ.டி. கம்பெனி சம்பளத்தில் அதைக் கழிக்கலாமான்னு யோசிக்கிற நண்பர்களே, சாரி.

இன்னொரு தப்பெண்ணம்: ஹாபின்னு சொல்லிட்டா வரி இல்லை. நம்ம வருமான வரிச் சட்டத்தில் 'ஹாபி' என்று ஒரு தலைப்பே கிடையாது. பிசினஸ் இல்லையென்றால் அந்தப் பணம் 'இதர வருமானம்' என்ற தலைப்புக்குப் போகும். எப்போதாவது தற்செயலாக வரும் தொகைக்கு 5,000 ரூபாய் வரை இருந்த சின்னச் சலுகையையும் 2002-ல் எடுத்துவிட்டார்கள். அப்போ ஹாபின்னு சொன்னா வரி மிச்சமாகாது. நஷ்டத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகிற உரிமை மாதிரி சிலது கையை விட்டுப் போகும், அவ்வளவுதான். 2025-ல் வந்த புதுச் சட்டத்திலும் பிசினஸுக்கான அந்தப் பழைய வரையறை தொடர்கிறது.

இப்போ அக்கா கதைக்கு வருவோம். எது பிசினஸ் ஆன நாள்? பக்கத்து வீட்டு அத்தை கையில் 500 ரூபாய் திணிச்ச நாள் இல்லை. நான் கேட்ட கேள்விகள் இவை. யாரும் ஆர்டர் கொடுக்காதப்பவே நூல், முத்து, ஜர்தோசி வாங்கி ஸ்டாக் வச்சது எப்போ? சிக்பேட்டைக்கு ரயிலேறி மொத்த விலைக்கு வாங்க ஆரம்பிச்சது எப்போ? டிசைனுக்கு இவ்வளவுன்னு ரேட் எழுதினது, அட்வான்ஸ் வாங்கினது?

அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சு, "மூணு வருஷம் இருக்கும்டா"ன்னாங்க.

மூணு வருஷமா அது பிசினஸ்தான். அவங்க வருமானத்துக்கு வரியே வந்திருக்காது. புது முறையில் இப்போ 4 லட்சம் வரை வரி இல்லை. சின்ன வியாபாரத்துக்கு முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே, விற்பனையில் 8 சதவீதம், பேங்க், யு.பி.ஐ. வழியா வந்த பணத்துக்கு 6 சதவீதம், குறைந்தது இவ்வளவு லாபம்னு காட்டுற எளிய வழியும் இருக்கு. விவரத்துக்கு உங்க ஆடிட்டரைக் கேளுங்க.

ஆனா போன வருஷங்களுக்குப் போட வேண்டிய தேதி எல்லாம் முடிஞ்சுபோச்சு. இந்த வருஷம் ஒரு ரிட்டர்ன், அடுத்த வருஷம் ஒண்ணு. மெஷின் அதுக்கப்புறம்தான். வீட்டில் எல்லாரும், நான் உள்பட, "அக்கா சும்மா பொழுதுபோக்கா பண்றாங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்ததுக்கு அவங்க கொடுத்த விலை ரெண்டு வருஷம்.

பிடிச்சுப் பண்றீங்களா என்று சட்டம் கேட்கவில்லை. என்ன பண்றீங்க என்றுதான் கேட்கிறது. உங்க வீட்டிலும் இப்படி 'சும்மா' பண்றவங்க யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.